கொம்பைத் திருப்பிய கை

அந்த அறையில் யார் பேசினாலும் குரல் பாதி வழியிலேயே செத்து விழுந்தது. சுவர், கூரை, தரை, கதவின் உட்புறம் எல்லா இடத்திலும் கரிய பஞ்சுக் கூம்புகள் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. அலை எதுவும் எதிலும் பட்டுத் திரும்பி வரக் கூடாது என்பதற்காகக் கட்டிய சோதனை அறை.

"என் மாமியாருக்கு இப்படி ஒரு ரூம் கட்டிக் குடுத்தா எனக்குப் புண்ணியமா போகும்" என்றான் தம்பி.

"முதல்ல உனக்குக் கட்டணும்" என்றாள் ஊசி.

ஊசி என்பது பட்டப்பெயர். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய்யான விபத்துகளை மோப்பம் பிடிக்கும் வேலை பார்த்தவள். மேலதிகாரியின் மச்சானே ஒரு பொய் விபத்தை ஜோடித்தபோது அதையும் மோப்பம் பிடித்துவிட்டாள். வேலை போனது. சொந்தமாகத் துப்பறியும் நிறுவனம் வந்தது. மனிதர்களை அவள் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தாள்: பொய் சொல்லத் தெரிந்தவர்கள், தெரியாமலே சொல்கிறவர்கள். முதல் வகையிடம் அவளுக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு.

தம்பி அவளுடைய கூடப்பிறந்த தம்பி. நாற்பதைத் தாண்டியும் தொப்பையைத் தாண்ட முடியாதவன். பழைய கார்களைப் புதுசு மாதிரி பேசி விற்றவன், அந்தத் தொழில் படுத்த பிறகு அக்காவின் உதவியாளன். "ஊசி போன வழியிலதானே நூல் போகணும்" என்று தன் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லிக்கொள்வான்.

அறை நடுவே ஒரு தாங்கியின் மேல் பித்தளையில் சின்னதாக ஒரு புனல் உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு ஒரு பெண். அந்தப் புனலை வடிவமைத்தவள்.

"இதுதான் கொம்பு ஆன்டெனாவா?" என்றான் தம்பி. "நான் பழைய கார்லேருந்து பிடுங்கிப் போட்ட ஹாரன்கூட இதைவிடப் பெருசு."

"சின்னதா இருக்கிறதுதான் இதோட பெருமையே" என்றாள் வடிவமைப்பாளர். பெருமையே இல்லாத குரல். "மில்லிமீட்டர் அலையில வண்டியும் வண்டியும் பேசிக்கணும். முன்னாடி வண்டி பிரேக் போட்டா, கண் இமைக்கிறதுக்குள்ள பின்னாடி வண்டிக்குத் தெரிஞ்சு அது தானா நிக்கணும். அலை சிதறாம ஒரே பக்கமா போகணும்னா கொம்பு நீளமா இருக்கணும். வண்டி முகப்புல அவ்வளவு இடம் ஏது? அதனால நீளத்தை வெட்டிட்டு, வாய்ல இந்த பிளாஸ்டிக் லென்ஸை வச்சேன். விரிஞ்சு சிதறப் போற அலையை இது நேராக்கி ஒரே கத்தையா அனுப்பும்."

"அதாவது, ஊரு பூரா வம்பு பேசாம ஒரே ஒருத்தர் காதுல மட்டும் பேசுறது."

முதல் தடவையாக அவள் உதடு லேசாக அசைந்தது. "கிட்டத்தட்ட அதான்."

வடிவமைப்பாளரிடம் ஊசியை அனுப்பியது வடிவமைப்பாளரின் அண்ணி. வழக்கு வந்த விதமே விசித்திரம். போன வாரம் அந்த அண்ணி அலுவலகத்துக்கு வந்து, "எனக்கு ஆன்டெனாவும் வேணாம், அலையும் வேணாம். என் வீட்டுக்காரரும் என் நாத்தனாரும் ஏன் முகம் குடுத்துப் பேசிக்கிறதில்லைன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. ஒரே தட்டுல சாப்பிட்டு வளர்ந்ததுங்க. கேட்டா ரெண்டும் வாயைத் திறக்க மாட்டேங்குது" என்றாள்.

விஷயம் ஊருக்கே தெரிந்ததுதான். விருந்தினர்களை அழைத்து நடத்திய வெள்ளோட்டத்தில், ஆளில்லாத வண்டி ஒன்று முன்னால் ஓடித் திடீரென்று நின்றது. பின்னால் வந்த வேன், ஓட்டுநர் பிரேக்கைத் தொடாமலே, தானாக நிற்க வேண்டும். நிற்கவில்லை. வேனை ஓட்டியவன் வடிவமைப்பாளரின் அண்ணன், அந்தக் கம்பெனியின் சோதனை ஓட்டுநர். வலது கால் முட்டிக்குக் கீழே நொறுங்கிப்போனது. ஆன்டெனாவின் வடிவமைப்பில்தான் குறை என்று கம்பெனி அறிவித்தது. வடிவமைப்பாளரும் அதை ஒப்புக்கொண்டாள். இந்த மாதக் கடைசியோடு அவளுக்கு வேலை இல்லை.

"ஏன் ஒப்புக்கிட்டீங்க?" என்று கேட்டாள் ஊசி.

"கொம்பு சரியா இருந்தா ஓட்டினவர் மேல தப்புன்னு ஆயிடும், போலீஸ் கேஸ் ஆகும்னு சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

"எங்க இயக்குநர். முதலாளியோட மாப்பிள்ளை."

"சரி, குறை நிஜமாவே இருக்கா?"

அவள் தாங்கியின் மேலிருந்ததைப் பார்த்தாள். "இது வேன்ல மாட்டினதோட ஜோடி. அதே அச்சு, அதே லென்ஸ். தினமும் சோதிச்சுப் பார்க்கிறேன். ஒரு குறையும் தெரியல. தெரியலைங்கிறதுதான் இன்னும் பயமா இருக்கு."

ஊசி அதைக் கையில் எடுத்தாள். விளிம்பில் கம்பெனியின் பெயரை ஆழமாகச் செதுக்கியிருந்தார்கள். படிக்கத் தலையைச் சாய்க்க வேண்டியிருந்தது.

"பேரு ஏன் இப்படித் தலை சாஞ்சு கிடக்கு?"

"பேரு செதுக்கணும்னு கடைசி நேரத்துல மாப்பிள்ளை அடம் பிடிச்சாரு. பட்டறையில இதைப் படுக்க வச்சுச் செதுக்கிட்டாங்க. சரியா மாட்டினா பேரு மேலேருந்து கீழா நிக்கும். வேலைக்கு ஒண்ணும் பாதிப்பில்லை."

"பேரு நேரா தெரியற மாதிரி கால் வட்டம் திருப்பி மாட்டினா?"

"ஐயோ, மாட்டவே கூடாது. அலைக்கு நிக்கிறது, படுக்கிறதுன்னு ஒரு வாகு இருக்கு மேடம். தபால் பெட்டி வாய் படுக்கையா இருக்கும்போது கவரை நிமிர்த்திப் பிடிச்சா உள்ள போகுமா? அந்த மாதிரி. ஒண்ணு நின்னு, இன்னொண்ணு படுத்துட்டா, ரெண்டும் எதிரெதிரா இருந்தாலும் ஒண்ணு பேசுறது இன்னொண்ணுக்குக் கேக்காது."

"புருஷன் பொண்டாட்டி மாதிரி" என்றான் தம்பி. இரண்டு பெண்களும் அவனைக் கவனிக்கவில்லை.

"திருப்பி மாட்டினா வெளியில பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?"

"பேரைப் பார்த்தாத்தான் உண்டு. வாய் வட்டம். நாலு திருகும் சம தூரத்துல இருக்கு. எப்படி வச்சாலும் பொருந்தும். ஆனா இணைப்பு இல்லைன்னா வேன் ஓட்டுறவர் முன்னாடி சிவப்பு விளக்கு எரியும். எரிஞ்சா வண்டியை எடுக்கவே கூடாதுங்கிறது விதி. அண்ணன் எடுத்தாரே. அப்போ கிளம்பும்போது இணைப்பு இருந்திருக்கு, ஓட்டத்துலதான் அறுந்திருக்கு. அப்படின்னா என் கொம்புதானே..."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அந்த அறையில் அழுகைச் சத்தமும் எழும்பாது போலிருந்தது.

"நொறுங்கின வேன்லேருந்து எடுத்த கொம்பு எங்க?"

"மாப்பிள்ளையே கழட்டச் சொல்லி எடுத்துட்டுப் போயிட்டார்."

"அக்கறையான மனுஷன்" என்றாள் ஊசி. "மேல போய்ப் பார்த்துட்டு வரோம். நீங்க கைப்பையை எடுத்துக்கிட்டு வாசல்ல நில்லுங்க. அப்புறம் உங்க அண்ணன் வீட்டுக்குப் போறோம்."

"அவர் என் ஃபோனையே எடுக்கிறதில்ல மேடம்."

"நான் ஃபோன் பண்ணச் சொல்லலியே."

*

மாப்பிள்ளையின் அறைக்குள் நுழைந்ததும் தெரிந்தது மாப்பிள்ளை அல்ல, மாப்பிள்ளையின் படம். கதவளவு உயரத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதற்குக் கீழே, அதே ஆள் பாதி அளவில், மாமனார் வாங்கிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

கம்பெனிக்கு அவர் வந்ததே கல்யாணத்தின் வழியாகத்தான். பத்திரிகைக்குப் பேட்டி கொடுப்பது, வெளிநாட்டு ஆட்களோடு கை குலுக்குவது, அடுத்தவர் பேசும்போது கைக்கடிகாரத்தைப் பார்ப்பது என்ற மூன்று வேலைகளை அவர் குறைவறச் செய்துவந்தார்.

"அஞ்சு நிமிஷம்தான்" என்று கடிகாரத்தைப் பார்த்தார். "அந்தப் பொண்ணுக்காக வந்திருக்கீங்களாமே. பாவம்தான். ஆனா சொந்த அண்ணன் காலையே உடைச்ச ஆன்டெனாவை எவன் வாங்குவான்? நாலு எழுத்து படிச்சதும் தலையில கொம்பு முளைச்சுட்டதா நினைச்சுக்கறாங்க. டெக்னிக்கல் ஆளுங்களே இப்படித்தான். கண்ணு முன்னாடி இருக்கிறது தெரியாது."

ஊசியின் கண் முன்னாடி அந்தப் படம் இருந்தது. வெள்ளோட்டத்தன்று எடுத்தது. வேனின் மூக்கருகே மாப்பிள்ளை ஒயிலாகக் குனிந்து, முகப்பில் மாட்டிய பித்தளைக் கொம்பின் மேல் விரல் வைத்துச் சிரிக்கிறார். விரலுக்குப் பக்கத்தில் கம்பெனியின் பெயர். தலையைச் சாய்க்காமலே படிக்க முடிந்தது.

தம்பி மூச்சை இழுப்பது கேட்டது. ஊசி அவன் காலை மிதித்தாள்.

"படம் பிரமாதம் சார்" என்றாள். அவள் குரலில் அவ்வளவு தேனை நாற்பது வருடத்தில் தம்பி கேட்டதில்லை. "பேரு எவ்வளவு எடுப்பா விழுந்திருக்கு பாருங்க. ஃபோட்டோகிராஃபர் நல்ல ரசனைக்காரர்."

"அவனா?" மாப்பிள்ளை கடிகாரத்தை மறந்தார். "அவனுக்கென்ன தெரியும்? பேரு கோணலா இருக்கு, விடுங்கன்னான். நான்தான் மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் திருப்பி மாட்டச் சொன்னேன். நாலு திருகு, ஒரு நிமிஷ வேலை. காலையில ஒத்திகை முழுக்க அந்தக் கோணலோடதான் ஓட்டியிருக்காங்க. ஒருத்தன் கண்ணுலயும் படல! எல்லாத்துக்கும் நான் வர வேண்டியிருக்கு."

"வராமப் போனா என்ன ஆகியிருக்கும்" என்றாள் ஊசி.

"அதைச் சொல்லுங்க."

"படத்துல உங்க பின்னாடி பெரிய திரை ஒண்ணு தெரியுதே?"

"விருந்தினருக்காக வச்சது. வேன்ல இருக்கிற கேமரா பார்க்கிறது எல்லாம் அதுல தெரியும். மூலையில பச்சைப் பட்டை தெரியுது பாருங்க, இணைப்பு இருந்தா அது எரியும். அந்தப் பொண்ணு ரெண்டு மேஜை நிறைய கருவியும் ஒயருமா கடை பரப்பி வச்சிருந்தா. பார்க்கவே சகிக்கல. எல்லாத்தையும் ஆஃப் பண்ணித் திரைக்குப் பின்னாடி தள்ளச் சொல்லிட்டு, அவளை மேடையில கௌரவமா உட்கார வச்சேன். என்ன இருந்தாலும் பொண்ணு, நாலு பேர் பார்க்கட்டுமேன்னு."

"தாராள மனசு. சார், என் தம்பிக்கு உங்ககூட ஒரு ஃபோட்டோ எடுத்துக்கணும்னு ரொம்ப ஆசை. அந்தப் படத்துக்குப் பக்கத்துல."

தம்பிக்கு அப்படி ஓர் ஆசை இருப்பது தம்பிக்கே அப்போதுதான் தெரிந்தது. மாப்பிள்ளை எழுந்து, கோட்டின் பொத்தானைப் போட்டு, முகத்தின் எந்தப் பக்கம் நன்றாக விழும் என்று யோசித்து நின்றார். தம்பியின் ஃபோனில் ஊசி பொறுமையாகப் பல படங்கள் எடுத்தாள். ஒன்றில்கூடத் தம்பியின் முகம் முழுசாக விழவில்லை.

படியிறங்கும்போது தம்பிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "கேஸ் முடிஞ்சுதுக்கா! திருடன் கைரேகையைத் தானே பெருசாக்கி, சட்டம் போட்டு, சுவத்துல மாட்டி, அதுக்குக் கீழயே உட்கார்ந்திருக்கான். என் வாழ்க்கையில இப்படி ஒரு முட்டாளை..."

"நீ வித்த காரை வாங்கினவங்களை மறந்துட்டுப் பேசாத" என்றாள் ஊசி. "கேஸ் பாதிதான் முடிஞ்சிருக்கு. படம் எடுக்கும்போதே கொம்பு திரும்பிடுச்சு. அப்போ வேன் கிளம்புறதுக்கு முன்னாடியே இணைப்பு கிடையாது. சிவப்பு விளக்கு எரிஞ்சிருக்கணும். பல வருஷம் சோதனை ஓட்டம் ஓட்டின ஆளு, சிவப்பைப் பார்த்துக்கிட்டே ஏன் வண்டியை எடுத்தான்?"

தம்பியின் கால் தரைக்கு வந்தது. "விளக்கு கெட்டுப் போயிருந்தா?"

"இருக்கலாம். இல்ல, அவன் எதையாவது மறைக்கலாம். வா, கேட்டுடுவோம்."

*

அண்ணன் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தான். மாவுக்கட்டு போட்ட கால் ஒரு முக்காலியின் மேல் நீண்டிருந்தது. கதவைத் திறந்த அவன் மனைவி முதலில் ஊசியைப் பார்த்தாள். அப்புறம் ஊசிக்குப் பின்னால் ஒடுங்கி நின்ற நாத்தனாரைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அண்ணன் தங்கையைப் பார்த்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினான்.

"எனக்குச் சுத்தி வளைக்கத் தெரியாது" என்றாள் ஊசி, உட்காராமலே. "வண்டியை எடுக்கும்போது சிவப்பு விளக்கு எரிஞ்சுதா?"

"இல்ல."

"பச்சையா?"

"ஆமா."

"பொய். நீங்க கிளம்புறதுக்கு முன்னாடியே கொம்பைக் கால் வட்டம் திருப்பி வச்சிருந்தாங்க. பச்சை எரிய வழியே இல்ல."

"திருப்பி வச்சிருந்தாங்களா?" தங்கையின் குரல் பிசிறியது. "யாரு?"

"உங்க மாப்பிள்ளை. ஃபோட்டோவுல பேரு நேரா தெரியணுமாம்."

வடிவமைப்பாளர் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தினமும் அந்தக் கருப்பு அறையில் நின்று தன் கொம்பில் தேடிக் கிடைக்காத குறை, ஒரு கோட்டு சூட்டுக்காரனின் அழகுணர்ச்சி. அவளுக்கு அழுகை வரவில்லை, ஏப்பம் மாதிரி ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

"அப்போ உன் கொம்புல குறை இல்லையா?" என்று கேட்டாள் அண்ணி.

"இல்லண்ணி."

ஊசி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல சேதி கேட்டவன் முகம் மலர வேண்டும். இவன் முகம் இன்னும் இறுகியது.

"கொம்புல குறை இல்லைன்னா சந்தோஷப்படணும் நீங்க" என்றாள். "படலை. அப்போ உங்க கோபம் கொம்பு மேல இல்ல, தங்கச்சி மேல. சிவப்பு எரிஞ்சுது, அதைப் பார்த்துக்கிட்டே வண்டியை எடுத்தீங்க. யாரோ எடுக்கச் சொல்லியிருக்காங்க. யாருன்னு சொன்னா அவங்க மாட்டிக்குவாங்கன்னு பொய் சொல்றீங்க. யாருக்காக ஒருத்தன் காலை உடைச்சுக்கிட்டு வாயையும் மூடிக்குவான்?"

"விடுங்க மேடம்."

"அவளேதான் சொன்னாளா?"

அவன் மனைவி நாத்தனாரின் கையை விட்டாள். யாரும் கவனிக்காத மாதிரி, மெதுவாகத்தான் விட்டாள்.

"சொல்லேண்ணா" என்றாள் தங்கை. "நான் என்ன சொன்னேன்?"

அவன் திரும்பினான். ஒரு மாதத்துக்கு மேல் அடைத்து வைத்திருந்தது மொத்தமாக வந்தது. "'போண்ணா'ன்னு சொன்னே. சிவப்பு எரியுதுன்னு நான் வாக்கி டாக்கியில கத்துறேன். நீ 'போண்ணா, எல்லாம் சரியா இருக்கு'ன்னு சொன்னே. உன் வாயால கேட்டேன். வந்தவங்க முன்னாடி உன் கண்டுபிடிப்பு ஜெயிக்கணும், அதுக்கு அண்ணன்காரன் எப்படிப் போனா என்ன?"

"நீ சிவப்புன்னு சொல்லவே இல்லையே!"

"சொன்னேன்டி!"

"என்கிட்ட சொல்லல! எதிர்ல அவ்வளவு பெரிய திரை, பச்சை எரிஞ்சுக்கிட்டே இருந்துது. அதைப் பார்த்துட்டுத்தான் சொன்னேன்."

"பச்சையா? நான் சிவப்பைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், உனக்குப் பச்சையா?"

"தம்பி, ஃபோனை எடு" என்றாள் ஊசி.

மாப்பிள்ளையோடு எடுத்த படத்தைத் தம்பி விரலால் பெரிதாக்கினான். கொம்பைத் தாண்டி, மாப்பிள்ளையின் தோளைத் தாண்டி, பின்னால் இருந்த திரை வரைக்கும் போனான். அப்புறம் விசிலடித்தான்.

"அக்கா, இங்க வேன் நிக்குது. பின்னாடி திரையில ஓடிட்டிருக்கு."

எல்லோரும் குனிந்தார்கள். படத்தின் முன்பக்கம் வேன் அசையாமல் நின்றது, மாப்பிள்ளையின் விரல் அதன் மூக்கின் மேல் இருந்தது. பின்னால் திரையிலோ, வேனின் கேமரா காட்டும் காட்சியில், முன்னால் போகும் வண்டி பாதி ஓடுபாதையைத் தாண்டிவிட்டது. மூலையில் பச்சைப் பட்டை ஜம்மென்று எரிந்தது.

"காலையில ஒத்திகை பார்த்தோமே, அதோட பதிவு!" என்றாள் வடிவமைப்பாளர். "அதை ஓட விட்டிருக்காங்க. நேரலையா காட்டினா படம் தடுமாறும், விருந்தினர் முன்னாடி அசிங்கம்னு மாப்பிள்ளை சொல்லிட்டே இருந்தாரு. நான் வேடிக்கைக்குச் சொல்றாருன்னு நினைச்சேன். என் கருவியெல்லாம் ஆஃப் ஆகியிருந்துது. அந்தத் திரையை நம்பித்தான்..."

"அதை விடு" என்றான் அண்ணன். குரல் இறங்கியிருந்தது. "சிவப்புன்னு நான் சொன்னது எங்க போச்சு?"

"அதுதான் சரியான கேள்வி" என்றாள் ஊசி. "வாக்கி டாக்கியில நீங்க பேசினதை அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாம."

"முதல்ல கூப்பிட்டப்போ மாப்பிள்ளைதான் எடுத்தாரு. 'சார், சிவப்பு எரியுது, எடுக்க முடியாது'ன்னேன். 'ஒண்ணும் ஆகாது, எடு'ன்னாரு. 'நீங்க சொன்னா எடுக்க மாட்டேன் சார். என் தங்கச்சி சொல்லட்டும். அவ போன்னா போறேன்'னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்ல. அப்புறம் இவ குரல் வந்துது."

எல்லோரும் தங்கையைப் பார்த்தார்கள்.

"அவரு வாக்கி டாக்கியை என் கையில குடுத்தாரு" என்றாள். "குடுக்கும்போது சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. 'உங்க அண்ணன் ரெடியாம். சகுனம் பார்க்கிறாரு போல, தங்கச்சி வாயால போன்னு சொன்னாத்தான் கிளம்புவாராம். சொல்லுங்க'ன்னு."

தம்பிக்கே ஒன்றும் தோன்றவில்லை.

பொய் சொல்லத் தெரிந்தவர்கள், தெரியாமலே சொல்கிறவர்கள் என்ற ஊசியின் பிரிவினையில் அன்றைக்கு ஓர் ஆளுக்கு இடம் கிடைக்காமல் போனது. இவன் உண்மையையே பாதியாக வெட்டிப் பொய்யாக்கியவன். ஒருவனின் நம்பிக்கையைக் கடன் வாங்கி, அதாலேயே அவன் காலை ஒடித்து, அப்புறம் மாப்பிள்ளை முறுக்கு கலையாமல் தம்பியோடும் படத்துக்கு நின்றிருக்கிறான்.

"கோட்டைக் கழட்டி வீசிட்டுச் சாக்கு மாட்டி விடணும் அவனுக்கு" என்றாள் அண்ணி. விட்ட கையை அவள் எப்போது மறுபடி பிடித்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

*

மறுநாள் கம்பெனியின் கூட்ட அறையில் மாமனார் மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர், சிரிப்பதற்கு அரசாங்க அனுமதி வாங்காதவர் போல் ஒரு பெண்மணி. எதிரே அண்ணனும் தங்கையும். கொம்பைத் திருப்பிய மெக்கானிக், திரையில் பதிவை ஓட விட்டவர் இருவரும் தாங்கள் செய்ததையும் செய்யச் சொன்னவரையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

மாப்பிள்ளை கால் மேல் கால் போட்டிருந்தார்.

"இதுல என்ன இருக்கு?" என்றார். "நான் டெக்னிக்கல் ஆள் இல்ல. கொம்பைத் திருப்பினா இணைப்பு போகும்னு எனக்கு யாரும் சொல்லல. சொல்லாதது அவங்க தப்பு."

"சரி" என்றாள் ஊசி. "அது தெரியாது. திரையில ஓடினது பழைய பதிவுன்னு தெரியுமா?"

"அது விருந்தினருக்காக."

"ஓட்டுநர் சிவப்பு எரியுதுன்னு சொன்னது காதுல விழுந்துதா?"

"ஏதோ சொன்னான். சிவப்புன்னா என்ன அர்த்தம்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

ஆய்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலை தூக்கினார். "சாலையில சிக்னல்ல சிவப்பு விழுந்தா என்ன பண்ணுவீங்க?"

"டிரைவர்தானே ஓட்டுறான்" என்றார் மாப்பிள்ளை. "நான் பின்னாடி உட்கார்ந்திருப்பேன்."

தம்பி சிரிப்பை அடக்க முயன்று இருமினான். மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நாற்காலியை வாங்கிப் போட்ட நாள் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"சிவப்புன்னா நில்லுன்னு தெரியாத ஆள்தான்" என்றாள் ஊசி, "அந்தச் சேதி தங்கச்சி காதுக்குப் போகக் கூடாதுன்னு மட்டும் தெரிஞ்சு, அதைச் சகுனம்னு மாத்திச் சொன்னீங்க. அர்த்தம் தெரியாத வார்த்தையை யாரும் மறைக்க மாட்டாங்க மாப்பிள்ளை சார்."

கால் மேலிருந்த கால் கீழே இறங்கியது. மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். "மாமா, நம்ம கம்பெனி பேருக்காகத்தான்..."

"பேசாதீங்க" என்றார் மாமனார். கண்ணைத் திறக்கவே இல்லை. "என் பொண்ணுகிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுட்டிருக்கேன்."

ஆய்வாளர் தொலைபேசியை எடுத்துக் காவல் நிலையத்துக்குப் பேசினார். மூன்று வாக்கியம்தான் பேசினார். வடிவமைப்பில் குறை என்ற அறிவிப்பைக் கம்பெனி அன்று மாலைக்குள் திரும்பப் பெற வேண்டும் என்று மாமனாரிடம் சொன்னார். அவர் தலையாட்டினார். மாப்பிள்ளை தன் வக்கீலின் எண்ணைத் தேட ஆரம்பித்தார். எழுத்துச் சிறிதாக இருந்ததோ என்னவோ, எண் அகப்படவில்லை. யாரும் உதவவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் தங்கை சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஜெயித்த முகமாக இல்லை. பாதி வழியில் தள்ளுவதை நிறுத்திவிட்டு முன்னால் வந்து நின்றாள்.

"அவனை விடு. அவன் மனுஷனே இல்ல" என்றாள். "நீ எப்படிண்ணா நினைச்சே? சிவப்புன்னு தெரிஞ்சும் உன்னைப் போன்னு சொல்லுவேன்னு? சந்தேகம் வந்தா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. எத்தனை தடவை ஃபோன் பண்ணினேன்!"

அண்ணன் தன் மாவுக்கட்டைப் பார்த்தான். தாழ்வாரத்தின் கடைசியில் காத்திருந்த மனைவியைப் பார்த்தான். கடைசியில்தான் தங்கையைப் பார்த்தான்.

"கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா?" என்றான்.

அவள் தரையில் மண்டியிட்டு, நாற்காலியின் கால்பலகையிலிருந்து சரிந்திருந்த அவன் காலை இரண்டு கையாலும் தூக்கி, வலிக்காமல் மேலே வைத்தாள்.

தூரத்தில் நின்ற தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஊசி அவனைப் பார்த்தாள். அவன் மூடிக்கொண்டான்.